கத்திக்கு விலை கேட்குமுன் இரும்பைக் கேளுங்கள்

திருப்பனந்தாள் வட்டாரத்தில் சம்பா அறுவடையின் பெரும்பகுதியை இன்று இயந்திரமே செய்துவிடுகிறது. ஆனாலும் அரிவாளுக்கும் கைக்கத்திக்கும் வேலை குறைந்தபாடில்லை. தை மழையில் சாய்ந்த கதிரை அறுக்க, இயந்திரம் நுழையாத மூலையைக் கழிக்க, வரப்புப் புல் அறுக்க, வாழை இலை நறுக்க, மூங்கில் சீவ, கயிறு அறுக்க என்று நாள் முழுவதும் கத்தி கையில் இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட கருவியை வாங்கும்போது நம் விவசாயிகள் முதலில் கேட்பது விலை; பிறகு பார்ப்பது பளபளப்பு. அது என்ன இரும்பு என்று கேட்பவர் மிகச் சிலரே. இது தவறு.

நெல் தாளிலும் தோகையிலும் சிலிக்கா என்னும் மணற்சத்து மிகுதி. அது பொடி மணல் போலக் கத்தி விளிம்பைத் தேய்க்கிறது. மட்டமான இரும்பானால் காலையில் தீட்டியது உச்சிப் பொழுதுக்குள் மழுங்கிவிடும். மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் இழுக்க வேண்டும். அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல் போகும். மணிக்கட்டு வலியும் கூலி நேர நஷ்டமும் தனி. பத்து, இருபது ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் இவ்வளவும் வந்து சேருகின்றன.

எது நல்ல எஃகு?

இரும்புக்கு உறுதி தருவது அதில் கலந்துள்ள கரிச்சத்து. வீடு கட்டும் கம்பியிலும் சாதாரணப் பட்டையிலும் இது நூற்றுக்குக் கால் பங்கு அளவுதான். இதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் ஏறாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அரை முதல் 0.6 சதவீதம் வரை உண்டு. அரிவாளுக்கும் வெட்டுக் கத்திக்கும் ஏற்றது இதுவே. கல்லில் பட்டாலும் எளிதில் ஒடியாது. பழைய அரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதில் செய்த சிறு கத்தி நெடுநேரம் கூர்மை தாங்கும். ஆனால் வெட்டவோ நெம்பவோ பயன்படுத்தினால் முறியும். பல ஆண்டு ஓடிய ஸ்பிரிங் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

எவர்சில்வர் கத்தி துருப்பிடிக்காதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எவர்சில்வரிலும் வகை உண்டு. நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த பாத்திர வகையைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. குரோமியம் 13 பங்கு அளவில் இருந்து, போதிய கரிச்சத்தும் உள்ள கத்தி வகையைக் கடினமாக்கலாம். கடைக்குப் போகும்போது சிறு காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பாத்திர வகையில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. அந்தக் கத்தியை வைத்துவிட்டு வாருங்கள். உப்புக் காற்று வீசும் கடலோரத்தாருக்கும், பழமும் காய்கறியும் நறுக்குவோருக்கும் நல்ல எவர்சில்வர் ஏற்றதே. வயல் வேலைக்குக் கரிச்சத்து எஃகுதான் சிறந்தது. தீட்டுக் கல்லுக்கு எளிதில் இணங்கும்; விலையும் குறைவு. வாழைப்பாலில் கறுக்கும், ஈரத்தில் துருவேறும் என்பது மட்டுமே குறை. வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் அதுவும் தீர்ந்தது.

தோய்ச்சல்தான் உயிர்

இரும்பு நல்லதாக இருந்தும் தோய்ச்சல் கெட்டால் பயனில்லை. செக்கச் சிவக்கக் காய்ந்த அலகில் காந்தம் ஒட்டாமல் போகும் கட்டம் ஒன்று உண்டு. அதைவிடச் சற்றே கூடுதலாகக் காய்ச்சித் தோய்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்ப்பதே நல்லது. தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பு விழலாம். தோய்த்த அலகு கண்ணாடி போல் நொறுங்கும் நிலையில் இருக்கும். ஆகவே தேய்த்து வெளுப்பாக்கி மீண்டும் இளஞ்சூடு காட்ட வேண்டும். வைக்கோல் மஞ்சள் நிறம் வந்ததும் நிறுத்தினால் கைக்கத்திக்குப் பதம். செந்நீலம் வரை விட்டால் வெட்டுக் கத்திக்குப் பதம்.

வாங்குபவர் சோதிக்க வழி எளிது. விளிம்பில் புது அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் போல் அராவினால் அந்தக் கத்தி வேண்டாம். வழுக்கினாற்போல் போய்ச் சிரமப்பட்டுப் பிடித்தால் பதம் சரி. சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது விளிம்பு நீலமானால் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டச் சொல்லுங்கள்.

கொல்லரைக் கைவிடலாகாது

இவையெல்லாம் மேல்நாட்டுப் படிப்பு அல்ல. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடத்திய அகழாய்வில் பழங்கால இரும்பு உலைகள் வெளிப்பட்டன. தென்னாட்டு உருக்கை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்து வியந்தனர். கொல்லர் மகனான மைக்கேல் பாரடே 1819-ல் அதை ஆராய்ந்து பார்த்தார். அத்தகைய தொழில் இன்று கிராமத்தில் அணையும் நிலைக்கு வந்திருப்பதற்குக் கொல்லர் மட்டும் காரணமல்ல. மலிவாகக் கேட்டதையே அவர் அடித்துக் கொடுக்கிறார்.

இதற்கு ஒரு வழி உண்டு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே, வேலை ஓய்ந்த நாளில், ஓர் ஊரில் இருபது பேர் சேர்ந்து கொல்லரிடம் சொல்லி வைக்கலாம். இன்ன அளவு, இன்ன பட்டை, எண்ணெயில் தோய்ச்சல் என்று பேசி முன்பணம் கொடுத்தால், புதிய ஸ்பிரிங் பட்டையை அவர் மொத்தமாக வாங்க முடியும். விலை சற்றுக் கூடும். ஆனால் ஆண்டுக்கு இரண்டு மட்டக் கத்தி வாங்குவதைவிடப் பல ஆண்டு உழைக்கும் ஒரு கத்தி லாபமே.

விதையைச் சோதித்து வாங்கும் விவசாயி, கத்தியையும் சோதித்து வாங்கட்டும். கைக்கும் காப்பு, காசுக்கும் காப்பு.