ஆயுள் தண்டனை யாருக்கு?

மிர்ஸா காலிப்பின் மனைவியைப் பற்றித் தமிழ் இலக்கிய வாசகனுக்கு என்ன தெரியும்? பெரும்பாலும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு மட்டும் தெரியும். தன் திருமண நாளை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட நாள் என்றும், மனைவியைக் காலில் பூட்டிய விலங்கு என்றும், தில்லியைத் தனக்கென ஒதுக்கப்பட்ட சிறை என்றும் காலிப் ஒரு கடிதத்தில் எழுதினார். வேறொரு கடிதத்தில், அறிந்த ஒருவரின் இரண்டாம் மனைவியும் இறந்துவிட்டாள் என்பதைக் கேட்டு, அவருக்கு இருமுறை விடுதலை கிடைத்துவிட்டது, தன் கழுத்துச் சுருக்கோ ஐம்பது ஆண்டுகளாகியும் அறவில்லை, உயிரும் போகவில்லை என்று அங்கலாய்த்தார். நம் இலக்கியக் கூட்டங்களில் யாரேனும் இதைச் சொல்வார்கள். அவை சிரிக்கும். பிறகு கவிதைக்குப் போய்விடுவோம்.

அந்தச் சிரிப்பைக் குறித்தே எனக்குச் சில கேள்விகள் உள்ளன.

தண்டனை விதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஆண்டு 1810. மணமகனுக்கு வயது 13. மணமகள் உம்ராவ் பேகத்துக்கு 11. இருவரும் கேட்டுப் பெற்ற திருமணமல்ல அது. பிரபுக் குடும்பங்கள் இரண்டு தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. சிறை என்ற உருவகத்தை ஒரு கணம் அப்படியே ஏற்றுக்கொள்வோம். அந்தச் சிறையின் கதவு யாருக்குத் திறந்திருந்தது? ஓய்வூதிய வழக்குக்காகக் காலிப் கல்கத்தா வரை போனார். போகும் வழியில் லக்னோவிலும் பனாரஸிலும் தங்கினார். 1829 இறுதியில்தான் தில்லிக்குத் திரும்பினார். முதிய வயதில் ராம்பூருக்கும் போய்வந்தார். நண்பர்கள், முஷாயிராக்கள், அரசவை, சூதாட்டம், இளமையில் ஒரு பாடகியின் மீது கொண்ட காதல் என எல்லாம் அவருக்கு இருந்தன. அந்தக் காதலை அறுபதை நெருங்கிய பின்னும் அவர் கடிதத்தில் நினைவுகூர்ந்தார். உம்ராவ் பேகத்துக்கு அந்தப்புரம் இருந்தது. விலங்கு யார் காலில் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை.

இவர்களுக்கு ஏழு குழந்தைகள் பிறந்தன. ஒன்றுகூடப் பதினைந்து மாதங்களைத் தாண்டி வாழவில்லை. பிறகு, உம்ராவ் பேகத்தின் சகோதரி மகனும் கவிஞனுமான ஆரிஃபை மகனாகப் பாவித்தனர். 1852இல் அவனும் இளம் வயதிலேயே இறந்தான். அவனுக்காகக் காலிப் பாடிய இரங்கற்பா உருதுக் கவிதையின் சாதனைகளுள் ஒன்று. அதை நானும் அவ்வாறே மதிக்கிறேன். ஆனால் அதைப் பற்றிய நம் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். தந்தையின் துயரம், கவிஞனின் துயரம், மரணம் பற்றிய தத்துவம் எல்லாம் இருக்கும். ஏழு பிள்ளைகளைப் பெற்றுப் பறிகொடுத்தபின் எட்டாவதாகத் தன் சகோதரியின் மகனையும் பறிகொடுத்தவள் அதே வீட்டில் இருந்தாள் என்ற ஒரு வரி இருக்காது. ஆரிஃபின் இரண்டு சிறுவர்களும் பின்னர் அதே வீட்டில்தான் வளர்ந்தார்கள்.

அடுத்தது பணம். காலிப்பின் குடும்ப ஓய்வூதியம் மாதம் அறுபத்திரண்டரை ரூபாய். கடனும் மதுவும் ஓயவில்லை. 1847இல் வீட்டில் சூதாட்டம் நடத்தியதற்காகச் சிறை சென்றார். உருவகச் சிறை அல்ல, மெய்யான சிறை. 1857இல் தில்லி கலகத்தில் சிக்கியபோது, உம்ராவ் பேகம் தன் நகைகளைப் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பிக் காலே சாஹிப் என்ற பெரியவரின் வீட்டுக்கு அனுப்பினார். நகரை மீட்ட ஆங்கிலப் படை அந்த வீட்டைக் கொள்ளையிட்டது. ஓய்வூதியம் நின்றுபோன அந்த நாட்களில் துணிமணிகளை விற்றுச் சாப்பிட்டதைக் காலிப்பே எழுதியிருக்கிறார். அந்த எழுத்தின் அங்கதத்தை நாம் வியக்கிறோம். பெட்டியைத் திறந்து எந்தத் துணியை இன்று விற்பது என்று எடுத்துக்கொடுத்த கைகள் யாருடையவையாக இருந்திருக்கும் என்று நாம் கேட்பதில்லை.

உம்ராவ் பேகம் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குற்றங்கள் இரண்டு. கவிஞனைப் புரிந்துகொள்ளாதவர் என்பது ஒன்று. அவருடைய தந்தை இலாஹி பக்ஷ் கான் 'மாரூஃப்' என்ற பெயரில் எழுதிய கவிஞர். கவிதை புழங்கிய வீட்டில் பிறந்த பெண்ணுக்குக் கவிதை தெரியாது என்று எந்த ஆதாரத்தில் முடிவுகட்டினோம்? மற்றது, அவர் மதப்பற்று மிக்கவர், குடிக்கும் கணவரின் பாத்திரங்களோடு தன் பாத்திரங்களைச் சேர்க்காமல் தனியே வைத்திருந்தார் என்பது. இதைக் குறுகிய மனத்தின் அடையாளமாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அது வேறுவிதமாகத் தோன்றுகிறது. வருமானம், கடன், குடி, பயணம் எதிலும் தன் சொல் செல்லாத வீட்டில், தன் நம்பிக்கையைக் காத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குக் கிடைத்த இடம் அந்தப் பாத்திரங்கள்தாம். அவர் கணவரின் குடியை நிறுத்தவில்லை. நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. தன் எல்லையை மட்டும் வகுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்தக் கடிதங்கள் விளையாட்டாக எழுதப்பட்டவை. காலிப் மனைவியிடம் பற்றுள்ளவர் என்று அவருடைய மாணவரும் வரலாற்றாசிரியருமான ஹாலியே சொல்லியிருக்கிறார் என்பார்கள். இருக்கட்டும். காலிப்பைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. கணவன் நண்பனுக்கு எழுதிய வேடிக்கை அந்தக் கடிதத்தோடு முடிந்துவிடும். அந்த வேடிக்கையையே அந்தப் பெண்ணின் வாழ்க்கை வரலாறாக மாற்றியது நாம். தன் மணவாழ்வைப் பற்றி அவர் சொன்ன சொல் எதுவும் நம் கையில் இல்லாதபோது, எதிர்த்தரப்பின் நகைச்சுவையைச் சாட்சியமாக ஏற்றுத் தீர்ப்பெழுதிவிட்டோம்.

கவிதையே முக்கியம், கவிஞனின் வாழ்வு எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. நேர்மையான நிலைப்பாடுதான், அதை முழுமையாகக் கடைப்பிடித்தால். ஆனால் காலிப்பின் மதுவையும் கடனையும் சூதாட்டத்தையும் காதலையும் கவிதைக்குரிய அணிகலன்களாகச் சேர்த்துக்கொள்வோம், மனைவி என்று வரும்போது மட்டும் வாழ்வு வேண்டாம் என்போம் என்றால் அது நிலைப்பாடு அல்ல, வசதி. மண்ட்டோவின் கதையைக் கொண்டு சொராப் மோடி 1954இல் எடுத்த 'மிர்ஸா காலிப்' படத்தில் நாயகி சுரையா. அவர் ஏற்றது காலிப்பைக் காதலிக்கும் பெண்ணின் பாத்திரம். மனைவி துணைப்பாத்திரம். குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற படம் அது.

வாய் திறந்த மனைவிக்கு மட்டும் நியாயம் கிடைத்ததா? பைரன் பிரபுவை 1815 ஜனவரியில் மணந்த அன்னபெல்லா, மறு ஆண்டு ஜனவரியில் ஐந்து வாரக் கைக்குழந்தையுடன் அவரைப் பிரிந்தார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் கணினியியலின் முன்னோடியாக அறியப்பட்ட ஏடா லவ்லேஸ். கணவன் தன் காவியத்தில் அவரைக் கேலிப்பாத்திரமாக்கினான். இலக்கிய உலகம் அவரை இதயமற்ற கணக்குக்காரி என்றது. அவருக்காக 1869இல் ஹேரியட் பீச்சர் ஸ்டோ எழுதியபோது, கண்டனம் முழுவதும் எழுதியவர் மீதே பாய்ந்தது. பேசாதவள் சுமை, பேசியவள் கல்நெஞ்சக்காரி. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியது ஒரே நீதிமன்றம்.

தமிழ் படித்தவர்களிடம் நான் இதைக் கூடுதல் உரிமையுடன் கேட்கிறேன். நம் மரபு வேறு. மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்த வள்ளல் பேகனிடம் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் சென்று பாடியதைப் புறநானூறு வைத்திருக்கிறது. பரிசில் வாழ்நரான அவர்கள் கைவிடப்பட்டவளின் கண்ணீரைப் புரவலனின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். உன் பொருள் வேண்டாம், அவளிடம் போ, அதுவே எங்களுக்குப் பரிசில் என்றார்கள். மயிலுக்குப் போர்வை ஈந்த கதையைப் பாடிக்கொண்டு அவள் கதையை விட்டுவிடுவது அவர்களுக்கு எவ்வளவோ எளிது. அவர்கள் அதைச் செய்யவில்லை. நாம் செய்கிறோம். மயிலையும் போர்வையையும் மட்டும் பாடப்புத்தகத்தில் வைத்துக்கொண்டோம்.

இந்தச் சிவகிரியிலிருந்து தெற்கே தென்காசியைத் தாண்டினால் கடையம், செல்லம்மாள் பாரதியின் ஊர். பாரதி சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சியை மேடைதோறும் கவிமனத்தின் சான்றாகச் சொல்கிறோம். அன்று உலையில் என்ன போடுவது என்ற கேள்வி செல்லம்மாளுடையது. அவராவது கணவரைப் பற்றித் தன் சொற்களை விட்டுச் சென்றார். அவற்றையும் பாரதியை அறிவதற்கான தரவாகத்தான் படிக்கிறோம், செல்லம்மாளை அறிவதற்காக அல்ல.

காலிப்பை வாசிப்பதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அந்த ஆயுள் தண்டனைத் துணுக்கை அடுத்த முறை மேடையில் சொல்பவர், மணமகளின் வயதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஏழு குழந்தைகள் என்ற எண்ணையும் சொல்லட்டும். அதற்குப் பிறகும் அவை சிரிக்கிறதா என்று பார்ப்போம்.

காலிப் 1869 பிப்ரவரியில் இறந்தார். உம்ராவ் பேகம் 1870இல், ஏறத்தாழ ஓராண்டு கழித்து. நிஜாமுதீனில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவருடையதும் இருக்கிறது. தில்லிக்குப் போய்க் காலிப் கல்லறையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நம் எழுத்தாளர்கள் சில அடிகள் தள்ளியும் நிற்கலாம். பெரிய தொலைவில்லை.