எந்த வாள் நல்ல வாள்?

மிகுபுனைவுப் பாத்திர விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: ‘இதில் ஆகச் சிறந்த ஆயுதம் எது? ஆகச் சிறந்த கவசம் எது?’ கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு பெயரை. அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் அதைத் தேடி எடுத்து அணிந்துகொண்டு மிச்சக் கதையைச் சிரமமில்லாமல் கடந்துவிடலாம் என்பது கணக்கு. இக்கேள்விக்கு ஒற்றைப் பெயரில் விடை சொல்ல முடிகிற ஆட்டம், வடிவமைப்பில் தோற்றுப்போன ஆட்டம் என்பது என் கட்சி. நல்ல ஆட்டம் நம்மைத் திருப்பிக் கேட்கும்: யாருக்குச் சிறந்தது, எந்தப் போருக்குச் சிறந்தது, அதற்காக எதை விட்டுக்கொடுப்பாய்?

இந்த வகைமையின் மூலவேரான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவராலும் உருவாகி வெளிவந்தபோது இந்தச் சிக்கலே அதில் இல்லை. குறுவாளால் குத்தினாலும் கோடரியால் வெட்டினாலும் ஓர் ஆறு முகப் பகடையை உருட்டிச் சேதத்தைக் கணக்கிட்டார்கள். 1975இல் வந்த ‘கிரேஹாக்’ என்ற துணைநூல்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் வேறு பகடை என்ற முறையைக் கொண்டுவந்தது. குறுவாளுக்கு நான்கு முகப் பகடை, வாளுக்கு எட்டு முகப் பகடை. ஆயுதங்களுக்கு இடையே ஏற்றத்தாழ்வு வந்த அன்றே, சிறந்ததைத் தேடும் வேட்கையும் பிறந்துவிட்டது எனலாம்.

அந்த வேட்கை எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்கு அதே ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் ஓர் அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. இரு கைகளால் ஏந்தும் பெருவாள், பெருங்கோடரி இரண்டும் அதில் உண்டு. பெருவாளுக்கு இரண்டு ஆறு முகப் பகடைகள். பெருங்கோடரிக்கு ஒரு பன்னிரண்டு முகப் பகடை. இரண்டின் உச்சமும் 12தான். சராசரியில் பெருவாள் 7, கோடரி 6.5. அரைப் புள்ளி வித்தியாசத்தைப் பார்த்தவுடன் வாளே சிறந்தது என்று தீர்ப்பெழுதிவிடுகிறவர்கள் உண்டு. சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம்.

இரண்டு பகடைகளை உருட்டும்போது எண்கள் நடுவில் குவிகின்றன. ஒரே பகடையில் ஒன்றும் பன்னிரண்டும் ஏழும் சம வாய்ப்புடையவை. ஆகவே வாள் நம்பகமானது, கோடரி சூதாடுவது. ஏழு உயிர்ப்புள்ளிகள் கொண்ட ஒரு காப்ளின் எதிரே நிற்கிறது என்று கொள்வோம். வீரனின் உடல்வலிமை சேதத்தில் மூன்றைக் கூட்டுகிறது. அடி பட்டால் போதும், பகடையில் நான்கு விழுந்தாலே காப்ளின் வீழும். பெருவாளில் அதற்கு 36 வாய்ப்புகளில் 33. கோடரியிலோ நான்கில் மூன்று மட்டுமே. சிற்றெதிரிகள் கூட்டமாய் வரும் குகையில் வாளின் மேன்மை அந்த அரைப் புள்ளியைவிட மிகப் பெரியது. ஆனால் அதே கோடரியைப் பண்பட்ட ஒரு ‘பார்பேரியன்’ வீரனின் கையில் கொடுத்துப் பாருங்கள். முக்கிய அடி விழும்போது ஆயுதத்தின் பகடையில் ஒன்றைக் கூடுதலாக உருட்டும் உரிமை அவனுக்கு உண்டு. வாளென்றால் கூடுதலாய்ச் சேர்வது ஓர் ஆறு முகப் பகடை. கோடரியென்றால் ஒரு பன்னிரண்டு முகப் பகடை. அந்த நொடியில் தராசு மறுபக்கம் சாய்கிறது. எது சிறந்தது என்பதைப் பட்டியலில் உள்ள எண்ணோடு அதை ஏந்தும் கையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

கவசத்திலும் இதே கதைதான். முழுத் தகட்டுக் கவசம் 18 என்ற காப்பு எண்ணைத் தருகிறது. விலை 1,500 பொற்காசுகள், எடை 65 பவுண்டு. ஒளிந்து நடக்க முயன்றால் அதன் ஓசையே காட்டிக்கொடுக்கும். குமிழாணி பதித்த தோல்கவசத்தின் விலை 45 பொற்காசுகள்தான். அதன் அடிப்படை 12. அணிபவரின் லாகவம் அதனோடு கூடும்; லாகவம் உச்சமான ஐந்தை எட்டியிருந்தால் மொத்தம் 17. இருபது முகப் பகடையில் ஒரே ஒரு முகத்தின் வித்தியாசம். அந்த ஒரு முகத்துக்காக 1,455 பொற்காசுகளையும் நிழலில் மறைந்து நடக்கும் திறனையும் கொடுத்துவிடுவது வாயிற்காவலனுக்குப் பொருந்தும், கள்வனுக்குப் பொருந்தாது.

கணினித் திரைக்கு வந்த ஆட்டங்களில் இவ்வறிவை ஆகக் கறாராகக் கற்பித்தது ‘டார்க் சோல்ஸ்’ (2011) என்பேன். ஹிடெடாகா மியாசாகி இயக்கிய அந்த ஆட்டத்தின் தொடக்கப் பகுதியில் ஒரு பாலத்தின் மேல் நெருப்புமிழும் டிரேக் ஒன்று அமர்ந்திருக்கும். பாலத்தின் அடியிலிருந்து பொறுமையாய் அம்பெய்து அதன் வாலை அறுத்தால் ‘டிரேக் வாள்’ கிடைக்கும். அந்தக் கட்டத்தில் கிடைக்கும் பிற வாள்களோடு ஒப்பிட்டால் அதன் தாக்குதல் எண் மலைக்க வைக்கும். புதியவர்கள் பலர் அதை ஏந்திக்கொண்டு முதல் சில பகுதிகளில் எதிர்ப்பட்டதையெல்லாம் வெட்டிச் சாய்த்துக்கொண்டே போவார்கள். பின்னர் ஒரு கட்டத்தில் வாள் திடீரென மழுங்கிவிட்டது போலத் தோன்றும். மழுங்குவதில்லை, அது வளர்வதில்லை, அவ்வளவுதான். ஏந்துபவரின் வலிமையோ லாகவமோ எவ்வளவு உயர்ந்தாலும் அவ்வாளின் சேதத்தில் ஒரு புள்ளியும் கூடாது. தொடக்கத்தில் எளிய வாளோடு திண்டாடியவர் எதிரியின் அசைவைப் படிக்கக் கற்றிருப்பார். டிரேக் வாளோடு வந்தவருக்கு அந்தப் பாடமும் பாக்கி. இதை ஆட்டம் எங்கும் எழுதி வைக்கவில்லை. உழைத்துத்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

கவசத்தை அது நிறுத்துக் காட்டும் விதமும் குறிப்பிடத்தக்கது. அணிந்தவற்றின் எடை தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்குக்குள் இருந்தால் வீரன் பறவைபோல் உருண்டு விலகுவான். பாதிக்குள் இருந்தால் மிதமாக. பாதியைத் தாண்டினால் மூட்டை உருள்வதுபோல் உருள்வான். கனத்த கவசம் அடியைத் தாங்குகிறது, இலகுவான கவசம் அடியே படாமல் விலகும் வாய்ப்பைத் தருகிறது. இரண்டும் பாதுகாப்புதான். எதை நம்புகிறோம் என்பதில் நம் சுபாவம் வெளிப்பட்டுவிடுகிறது.

இதற்கு எதிர்முனையில் அதே 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ நிற்கிறது. பரந்த நிலப்பரப்பு, பனிமலைகள் என்று அதன்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் ஆயுதத் தேர்வில் அது கைவிட்டுவிடுகிறது. அங்கே கவசம் குறைக்கக்கூடிய உடல்சேதத்துக்கு 80 சதவீதம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. தலை, உடல், கை, கால் நான்கிலும் கவசம் அணிந்தவர் 567 என்ற எண்ணை எட்டியதும் அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறார். அதற்கு மேல் சேர்வதெல்லாம் திரையில் தெரியும் வெற்று எண்களே. கொல்லுத் தொழிலில் தேர்ந்தவர், பார்க்க எளியதான ஒரு கவசத்தையே தீட்டித் தீட்டி அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடலாம். மருந்து காய்ச்சுதல், மந்திரமேற்றல், கொல்லு ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று ஊட்டி வளர்த்தால் டிராகனை ஒரே வெட்டில் வீழ்த்தும் வாளும் கிடைத்துவிடும். கிடைத்த பிறகு செய்ய ஒன்றுமில்லை. வானில் டிராகன் தோன்றும்போது எழவேண்டிய அச்சம் போய்விடுகிறது. சிறந்த ஆயுதத்தை அடைந்த வெற்றி, ஆட்டத்தையே கொன்றுவிடுகிறது.

இந்த வகைமைக்கு ஊற்றாக இருந்த டோல்கினிடம் ஆயுதங்கள் எப்படி வருகின்றன என்பதை இலக்கிய வாசகர்கள் நினைவுகூரலாம். பில்போவுக்கு வாள் ட்ரோல்களின் குகையில் கிடைக்கிறது. பிறருக்குக் கத்தி அளவே ஆன அதற்கு, சிலந்தியை வென்ற பின்னர்தான் அவன் பெயர் சூட்டுகிறான். மித்ரில் சட்டை அவனுக்குத் தோரின் தந்த பரிசு. பின்னர் அது ஃப்ரோடோவுக்குப் போய், மோரியாவில் ஓர் ஈட்டிக் குத்திலிருந்து அவனைக் காக்கிறது. அவற்றின் பெருமை ஒப்பீட்டுப் பட்டியலால் வந்ததன்று, கடந்துவந்த கைகளால் வந்தது. ஆட்டத்தில் எழுத்தாளன் இல்லை. அந்த வரலாற்றை ஆடுபவரே உண்டாக்க வேண்டும். அடுத்தவர் தொகுத்த ‘சிறந்த பத்து ஆயுதங்கள்’ பட்டியலைப் பார்த்து முதல் நாளே எடுத்துக்கொண்ட வாளுக்கு வரலாறு ஏது?

பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறவரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டியல்களை நான் முற்றாக மறுக்கவில்லை. முட்டிமோதி நின்றுபோன இடத்தில் ஒரு குறிப்பு கிடைப்பது ஆட்டத்தையே கைவிடுவதைத் தடுக்கும். போட்டியாய்ப் பலரோடு ஆடுகிறவர்களுக்குக் கணக்குத் தவிர்க்க முடியாதது. ஆனால் தனியே ஒரு கதைக்குள் நுழைகிறவர், தொடங்கும் முன்பே விடைத்தாளை வாங்கிக்கொள்வது தேர்வை எளிதாக்கவில்லை, தேர்வை இல்லாமலாக்குகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குரிய இன்பமே ‘இதா, அதா’ என்று தயங்கி நிற்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

ஆக, எவரேனும் என்னிடம் ஆலோசனை கேட்டால் மூன்றைச் சொல்வேன். தாக்குதல் எண்ணைப் பார்க்குமுன் அந்த ஆயுதம் உங்கள் பாத்திரத்தோடு சேர்ந்து வளருமா என்று பாருங்கள். கவசத்தின் காப்பு எண்ணைப் பார்க்குமுன் அதன் எடையைப் பாருங்கள். இரண்டு ஆயுதங்கள் ஏறக்குறைய சமமாக இருந்தால், வீசும்போது எதன் அசைவு உங்கள் கைக்கு இசைகிறதோ அதை எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிடுங்கள். நூறு போர்களில் கூட வந்து, அதன் வீச்சு எத்தனை அடி நீளும், எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்று கைக்கே பழகிப்போன ஒரு சாதாரண வாள், நேற்று கிடைத்த புகழ்பெற்ற வாளைவிட நம்மை நெடுநேரம் உயிரோடு வைத்திருக்கும்.