வம்சமே ஒல்லி என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துப் பெற்றோரே, கோபமாகத்தான் கேட்கிறேன். பிள்ளைக்கு வயிறு உப்பி, கை கால் குச்சியாக இருந்தால் பூச்சி என்கிறீர்கள். பள்ளியில் கொடுத்த பூச்சி மாத்திரைக்கும் கேட்காவிட்டால் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகிறீர்கள். அதற்கும் தேறவில்லை என்றால், "எங்க வம்சமே ஒல்லிதான்." போன தீபாவளிச் சட்டை இந்தத் தீபாவளிக்கும் சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. பிள்ளை வளரவில்லை.

பிள்ளையைத் தேற்ற என்ன கொடுக்கிறீர்கள்? காலையில் மால்ட் கலந்த பால். வேலைக்கு ஓடும் அவசரத்தில் ஒரு பன். சாயங்காலம் பிஸ்கட். சம்பள நாளில் எண்ணெய் புரோட்டா. அத்தனையிலும் கோதுமையோ பார்லியோ இருக்கிறது. சீலியாக் நோய் உள்ள பிள்ளைக்கு அவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாது. அது உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைத்துவிடும். அப்புறம் தின்பது எப்படி உடம்பில் ஒட்டும்?

"அதெல்லாம் வடக்கே சப்பாத்தி தின்பவர்களுக்கு" என்பீர்கள். பாதி உண்மை. 2016-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்கு மேல் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அங்கே ஒருவர் நாளுக்குத் தின்ற கோதுமை 455 கிராம், இங்கே 25. புரோட்டாக் கடை வாசலில் வளரும் நம் பிள்ளைகள் 25 கிராமோடு நிறுத்துகிறார்களா?

வாரக்கணக்கில் நிற்காத பேதி, நாற்றமெடுக்கும் வெளிறிய மலம் என்றால் எல்லோருக்கும் உறைக்கும். பேதியே இல்லாமலும் இது வரும். மாதக்கணக்கில் இரும்புச்சத்து டானிக் குடித்தும் ரத்தம் ஏறாத பிள்ளை, அடிக்கடி வாய்ப்புண் வரும் பிள்ளை, வயதுக்கு வரத் தாமதமாகும் பெண். சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்து இன்சுலின் போடும் பிள்ளை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

இதைப் படித்ததும் நாளைக்கே கோதுமையை நிறுத்தப் போகிறவர்களுக்கும் ஒரு குட்டு. நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குழந்தை மருத்துவரிடம் டிடிஜி (tTG) ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்து குடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். உறுதியானால் குளூட்டனுக்கு ஆயுசுக்கும் விலக்கு. சோறும் கம்பும் குதிரைவாலியும் இருக்கிற ஊரில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சாம்பாரில் போடும் டப்பாப் பெருங்காயத்தை மட்டும் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்.