சூழல் செய்கிறவர்கள்

நகர மையத்தின் இரவு வாழ்க்கையைச் 'செப்பனிட' வேண்டும் என்று புறப்பட்டிருப்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: சிங்கப்பூரின் பூகிஸ் தெருவில் உங்களைப் போன்றவர்கள் சாதித்தது என்ன?

1950களிலிருந்து அந்தத் தெருவுக்கு இரவு என்ற ஒன்றை உண்டாக்கியவர்கள் திருநங்கையரும், நடுத்தெருவில் மேஜை போட்டுச் சாப்பாடு விற்றவர்களும். மாலுமிகளும் பயணிகளும் அவர்களைத் தேடித்தான் வந்தார்கள். 1980களின் நடுவில் சுரங்க ரயில் நிலையத்துக்காகத் தெரு இடிக்கப்பட்டது. ரயில் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1991இல் பக்கத்திலேயே, அதே பெயரில், ஒரு தெருவைச் 'செய்தார்கள்' பாருங்கள், பொய் அங்கேதான் தொடங்குகிறது. பழைய சூழல் வேண்டுமென்று பெண்வேடமிட்டவர்களைக் கூலிக்கு நிறுத்திப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. மிஞ்சியது மலிவுச் சாமான்களின் கடைவீதி.

விளக்கையும் நாற்காலியையும் வாங்கிப் போடலாம். யார், எந்நேரம்வரை, எவர் தயவுமின்றி அங்கே உட்காரலாம் என்பதில்தான் சூழல் இருக்கிறது. உயிரைத் துரத்திவிட்டு உருவத்தை ஜோடிக்கும் கவிதையைப் போலி என்று தயங்காமல் சொல்கிறோம். தெருவில் அதையே செய்தால் மட்டும் 'மேம்பாடு' என்று ஏன் கைதட்ட வேண்டும்?