புதிய ஜீப்பா, பழைய ஜீப்பா? வாங்குமுன் சிந்திப்போம்

காலபோக அறுவடை முடிந்த கையோடு, வன்னியிலே குளமொன்றின் பின்புறமாக மீளக்குடியேறியுள்ள கமக்காரர் அமைப்பினர் சிலர் எம்மைச் சந்திக்க வந்திருந்தனர். மாரியில் அவர்களது பாதை வாரக்கணக்கில் சேறும் வெள்ளமுமாய்க் கிடக்கும். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும், மரக்கறியையும் பாலையும் பிரதான வீதிக்குச் சேர்க்கவும், ‘ஃபோர் வீல்’ என்று எம்மவர் சொல்லும் நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் ஒன்றை வாங்குவதெனப் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்திருந்தனர். “புதுசு எடுக்கிறதோ, பழசு எடுக்கிறதோ, சுவாமி?” இதுவே அவர்களது கேள்வி. புதியதை எடுப்பதானால், முற்பணத்துக்காகப் பெண்களின் நகைகளை அடகு வைக்கவும் ஆயத்தமாக இருந்தனர்.

இக்கேள்வி அக்கிராமத்துக்கு மட்டும் உரியதன்று. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பழையதைத் தவிர வேறு வழியில்லாதிருந்த மக்களுக்கு இப்போது புதியதும் கண்ணில் படுகிறது. அதனோடு லீசிங் கடனும் வாசலுக்கு வருகிறது. எனவே அன்று அவர்களுக்குச் சொன்னதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. அப்படியொரு வாகனம் உண்மையிலேயே தேவைதானா? நெல் மூடை ஏற்றுவதும் உரம் கொண்டுவருவதும் மட்டுந்தான் வேலையென்றால், ஊரிலுள்ள உழவு இயந்திரமும் பெட்டியும் போதும். 1995இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோதும், 2009இல் வன்னி முழுவதும் பெயர்ந்தபோதும் எமது குடும்பங்களைச் சுமந்தவை பெரும்பாலும் அவைதாம். ஆண்டுக்கு இருபது நாள் தேவைக்காக நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் வாங்குவது வீண்செலவு. ஆனால் மாரி முழுவதும் பாதை அறுந்து, பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாயும் பாம்பு கடித்தவரும் அந்தரிக்கும் ஊரென்றால், அத்தேவை நியாயமானதே.

தேவை உண்டென்று கொண்டால், எமது கருத்து இதுதான்: கடனெடுத்துப் புதியதை வாங்குவதிலும் பார்க்க, கையிலுள்ள பணத்துக்குள், நன்றாகச் சோதித்த பழைய வாகனத்தை வாங்குவதே எமது மக்களின் இன்றைய நிலைக்குப் பொருத்தமானது.

புதியதன் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. அது எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்கும். விபத்து நேர்ந்தால் உள்ளிருப்போரைக் காக்கும் ஏற்பாடுகள் அதில் அதிகம். சில ஆண்டுகளுக்கு உத்தரவாதமும் உண்டு. பிறர் பாவித்துக் கழித்ததையே என்றும் பெற்றுப் பழகிய மக்களுக்கு, ‘எங்களுக்கும் ஒரு புதுப் பொருள்’ என்ற ஆசை தோன்றுவதும் இயல்பே. அந்த ஆசையை நாம் இழிவாகப் பேசமாட்டோம். ஆயினும் இரண்டு விடயங்களைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது கடன். வயலும் குளமும் பணமாவது ஆண்டுக்கு இரு தடவை. வானத்தை நம்பிய மானாவாரிக் காணியிலே ஒரே ஒரு தடவை. லீசிங் தவணையோ மாதந்தோறும் வரும். கடனாகப் பெறும் தொகை 50 இலட்சம், ஆண்டு வட்டி 15 வீதம், காலம் 5 ஆண்டு என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 119,000 ரூபா. கட்டி முடிக்கும்போது கொடுத்திருப்பது 71 இலட்சத்துக்கு மேல். வட்டி மட்டும் 21 இலட்சம். இடையில் ஒரு போகம் வெள்ளத்தில் அழிந்தால் தவணை நிற்காது. கடன் தீரும்வரை வாகனத்தின் முழு உரிமையாளர் கடன் கொடுத்த நிறுவனமே. தவணை தவறினால் வாகனமும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும், அடகு வைத்த நகையும் மீளாது. எல்லாவற்றையும் ஒருமுறை வீதியோரத்திலே விட்டுவிட்டு வந்த குடும்பத்தை இரண்டாம் முறையும் அந்த நிலைக்குத் தள்ளலாமா?

எரிபொருளில் மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள். அதையும் கணக்குப் பார்ப்போம். பழையது லீற்றருக்கு 8 கிலோமீற்றரும் புதியது 11 கிலோமீற்றரும் ஓடுவதாகக் கொண்டால், மாதம் 500 கிலோமீற்றர் ஓட்டத்தில் வித்தியாசம் 17 லீற்றர். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவுக்கு ஏறியது. அந்த உச்ச விலையில் பார்த்தாலுங்கூட மிச்சம் மாதம் 8,000 ரூபாவுக்குள்தான். அது தவணையின் பத்திலொரு பங்குக்கும் வராது.

இரண்டாவது திருத்தம். 1990இன் பின் எரிபொருள் தடையின்போது யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பது எமது மூத்தோருக்கு நன்கு நினைவிருக்கும். பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சிறிதளவு பெற்றோலில் உயிர்பெற்று, பின் மண்ணெண்ணெயில் ஓடின. அவை தரமான கார்கள் என்பதனால் மட்டும் அப்படி ஓடவில்லை. அவற்றைக் கழற்றிப் பூட்டக் கூடிய கைகள் எமது ஊர்களிலேயே இருந்தன. அந்தக் கைகளுக்கு விளங்கக் கூடியதாக அந்த எஞ்சின்களும் இருந்தன. இன்றைய புதிய டீசல் எஞ்சின்களில் எரிபொருள் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அமுக்கத்தில், கணினியின் கட்டளைப்படி செலுத்தப்படுகிறது. சிறிது தண்ணீரோ தூசியோ டீசலில் கலந்தாலே இன்ஜெக்டர் பழுதாகும். குறையைக் கண்டுபிடிக்கவும் கணினிக் கருவி வேண்டும். பழைய பம்ப் எஞ்சினையோ அண்மையிலுள்ள கராச்சிலேயே திருத்திக்கொள்ளலாம்.

எமது அனுபவமும் இதுவே. பல ஆண்டுகளுக்கு முன் எமது பணிமனைக்குப் புதிய ஜீப் ஒன்று அன்பளிப்பாகக் கிடைத்தது. மூன்றாவது மாரியிலே, டீசலில் தண்ணீர் கலந்து, நடுக்காட்டில் நின்றுவிட்டது. கட்டியிழுத்துக் கொழும்புக்கு அனுப்பி, உதிரிப்பாகம் வந்து திரும்புவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. உத்தரவாதம் இருந்தது, ஆனால் அது கொழும்பில் இருந்தது. அந்த மாரி முழுவதும் எமக்குக் கைகொடுத்தது அயலவர் ஒருவரின் பழைய ஜீப்தான்.

ஆனால் பழையது என்றால் எதையும் வாங்கலாம் என்று யாரும் கருதிவிடக் கூடாது. பழையதில் ஏமாறுவதற்கு வழிகள் பல. எனவே வாங்கப் போகிறவர்கள் ஊரின் நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்ரார்ட் செய்ததும் புகையைக் கவனியுங்கள். விடாத நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டும். கரும்புகை இன்ஜெக்டரிலோ காற்று வடிகட்டியிலோ குறையைக் காட்டும். சூடான பின்பும் நிற்காத வெண்புகையும், பால்போல் வெளுத்த ஒயிலும் எஞ்சினுள் தண்ணீர் புகுவதன் அடையாளம்.

அடுத்து, மேற்பூச்சில் மயங்காது கீழே படுத்துப் பாருங்கள். 1948இல் பிரித்தானியத் தயாரிப்பான லான்ட் ரோவர் முதன்முதல் வெளிவந்தபோது, உருக்குத் தட்டுப்பாடு காரணமாக அதன் உடலை அலுமினியத் தகட்டால் செய்தார்கள். சசி எனப்படும் அடிச்சட்டமோ உருக்கு. அவ்வகை வாகனங்களில் உடல் துருவேறாமல் பளபளக்கும். அடியிலோ சசி உக்கியிருக்கும். கரையோரத்தில் ஓடிய எந்த வாகனத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, மந்தமான ஓசை வரும் இடத்தையும் புதிதாக ஒட்டிய இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு சில்லும் இழுக்கின்றனவா என்பதைத் தார் வீதியிலன்றி, மணலிலோ சேற்றிலோ ஓட்டிப் பாருங்கள். செலவுக்குப் பயந்து முன்சில்லுக்குப் போகும் தண்டையே கழற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. அப்படியானால் நீங்கள் வாங்குவது ஃபோர் வீல் அல்ல. அதிகம் டீசல் குடிக்கும் சாதாரண வாகனமே.

பத்திரங்கள் மிக முக்கியம். சசியிலுள்ள இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பழைய லீசிங் கடன் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். வெறும் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமல் ஓடுவதை ஒருபோதும் ஏற்காதீர்கள். வாகனம் தனியொருவர் பெயரிலன்றி, பதிவுபெற்ற அமைப்பின் பெயரில் இருக்கட்டும். பொதுப்பணத்தில் வாங்கியது நாளை ஒரு வீட்டின் சொத்தாகிவிடக் கூடாது.

இறுதியாக, கையிலுள்ள பணம் முழுவதையும் வாகனத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை வங்கியில் வையுங்கள். முதல் ஆண்டிலேயே ரயர், பற்றரி, கிளச் என்று ஏதாவது செலவு வந்தே தீரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிலோமீற்றர் கணக்கில் பணம் அறவிட்டு, அதில் ஒரு பகுதியைத் திருத்த நிதிக்கு ஒதுக்குங்கள். ஓட்டப் புத்தகத்தை மாதாந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். பழைய வாகனத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகள் குறைவு என்பதையும் மறவாதீர்கள். மெதுவாக ஓட்டுங்கள், பின்பெட்டியில் ஆட்களை நெருக்கி ஏற்றாதீர்கள்.

புதியது பொருத்தமாகும் இடமும் உண்டு. நாள்தோறும் ஓடி உழைக்கக் கூடிய வேலை கையிலிருந்து, கடனின்றி வாங்க முடியுமாயின் வாங்கலாம். உதவி நிறுவனமொன்று அன்பளிப்பாகத் தந்தால் ஏற்கலாம். ஆனால் காப்புறுதிக்கும் திருத்தத்துக்கும் ஐந்து ஆண்டுக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். வாகனத்தைத் தந்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களிடம் இதனைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

எம்மிடம் வந்த அமைப்பினர் நகைகளை அடகு வைப்பதில்லை என்ற முடிவோடு திரும்பினர். அடுத்த அறுவடைவரை சேமித்து, தமது மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு பழையதொன்றைத் தேடப் போகிறார்கள். அதுவரை மாரி நோயாளிகளுக்காக ஊரின் உழவு இயந்திரங்களை முறைவைத்து ஆயத்தமாக நிறுத்தவும் உடன்பட்டுள்ளனர். ஒரு போகம் பொறுத்திருப்பது கடினந்தான். ஆயினும் யாருக்கும் கடன்படாத வாகனம் ஒன்று ஊருக்குள் வரும் நாளிலே அவர்கள் நிம்மதியாக அதில் ஏறலாம். ஏனைய அமைப்புகளும் இதனைத் தமது கூட்டங்களில் பேசித் தீர்மானிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.