'விதௌட் யூ': ஏக்கமும் கணக்கும்

காதற்பிரிவைப் பாடும் மேலைப் பாடல்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 'விதௌட் யூ' முன்வந்து நிற்கிறது. ஹாரி நில்சனுடைய பாடல் என்பர் மூத்தோர். மரியா கேரியுடையது என்பர் இளையோர். எழுதியவர்கள் பீட் ஹாம், டாம் எவன்ஸ் என்னும் இருவர். இவர்கள் பெயரை அறிந்தோரும் ஒரு கதையுடனேயே சொல்கின்றனர்: 'பிரிவில் உயிர் தரியாது என்று பாடியவர்கள், பாடியவாறே மாண்டனர்' என்று. இக்கதையை நாம் ஏற்பதற்கில்லை.

ஸ்வான்சீயைச் சேர்ந்த ஹாமும் லிவர்பூல்காரரான எவன்ஸும் 'பேட்ஃபிங்கர்' குழுவினர்; பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்திற்காகப் பாடியவர்கள். ஹாமிடம் சரணம் இருந்தது, அதற்கேற்ற பல்லவி அமையவில்லை. எவன்ஸிடம் பல்லவி இருந்தது, சரணம் இல்லை. இரு அரைப்பாடல்களையும் ஒட்டினார்கள். கூர்ந்து கேட்டால் தையல் தெரியும்: சரணம் தணிந்த குரலில் தயங்கித் தயங்கிச் செல்ல, பல்லவி திடுமெனக் கதறுகிறது. 1970-இல் வெளிவந்த 'நோ டைஸ்' இசைத்தட்டில், முதற்பக்கத்தின் இறுதியில் அடக்கமாக இடம்பெற்றது அது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தட்டாகக்கூட வரவில்லை.

அதைக் கேட்ட நில்சன் முதலில் பீட்டில்ஸ் பாடலென்றே எண்ணினாராம். 1971-இல் அவர் பாடிய வடிவம், மறு ஆண்டு அமெரிக்காவில் நான்கு வாரங்களும் பிரிட்டனில் ஐந்து வாரங்களும் முதலிடத்தில் இருந்தது. (தாமே தேர்ந்த பாடலாசிரியரான நில்சனின் புகழ்பெற்ற இரு பாடல்களும் பிறர் எழுதியவை என்பது வேறொரு வேடிக்கை.)

உலகெங்கும் பாடல் ஒலித்தது. எழுதியவர்கள் கையில் காசில்லை. குழுவின் வரவுசெலவு முழுதும் மேலாளர் பிடியில் இருந்தது. 1974-இல் வார்னர் நிறுவனம் ஒப்படைத்த முன்பணத்திற்குக் கணக்குக் காட்டப்படவில்லை. வழக்கு வந்தது, புதிய இசைத்தட்டு சில வாரங்களிலேயே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1975 ஏப்ரல் 24 அன்று ஹாம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இருபத்தெட்டாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள்கள் இருந்தன. அவர் மகள் பிறந்தது மறு மாதம். அவர் விட்டுச்சென்ற குறிப்பில் துணைவியின் மீதும் அவளது குழந்தையின் மீதும் அன்பு இருந்தது. மேலாளரின் மீது சினம் இருந்தது. எவன்ஸும் 1983-இல், இதே பாடலின் உரிமத்தொகை குறித்த பூசல்களுக்கிடையே, தம் முப்பத்தாறாம் வயதில் அவ்வாறே மறைந்தார்.

இதில் காதல் தோல்வி எங்கே இருக்கிறது? இருப்பது வராத பணமும் கைவிட்டுப் போன உழைப்பும். பாட்டின் வரிகளில் சாவை முன்கூட்டியே தேடுபவர்கள், அறிந்தோ அறியாமலோ கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கவிஞன் துயரத்தால் மடிந்தான் என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அவன் ஏமாற்றப்பட்டான் என்பதில் அந்த இனிமை இல்லை.

நில்சனின் குரல்வளத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. மரியா கேரியின் வடிவமும் 1994-இல் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. எனினும், வாய்ப்புள்ள நண்பர்கள் ஒருமுறை 'நோ டைஸ்' வடிவத்தைக் கேட்க வேண்டுகிறோம். அங்கே பல்லவியில் கதறல் குறைவு. ஒரு வேலையை முடித்த இரு இளைஞர்களின் நிறைவே மிகுதி.