கடன் மலிந்தது, பயம் குறையவில்லை

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தின் வேகம் தாங்காமல் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் மதகுகள் உடைந்தன. அவ்வளவு தண்ணீர் ஓடிய அந்த ஆண்டிலும் மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் அதே நிலைதான். தண்ணீர் வராது என்றும் பயந்து, வந்தால் மூழ்கிவிடும் என்றும் பயப்படும் ஒன்றரை ஏக்கர்காரர் எந்தத் துணிவில் முதல் போடுவார்?

சிறு விவசாயியின் விளைச்சல் குறைவு என்றதும் அறியாமை, பழைய முறை என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலுரத்தைப் பாதியாகக் குறைப்பதும் நடவைத் தள்ளிப்போடுவதும் தெரியாமல் செய்வதல்ல, போட்டது திரும்பாதோ என்ற கணக்கில் செய்வது.

கடன் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கோயில் பண்டாரத்தில் காசு வாங்கிய ஊர்ச் சபைகள், காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டியதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை. அங்கே கடனுக்குப் பொறுப்பேற்றது ஊர். பின்னாளில் அது தனி ஆளின் தலையில் இறங்கியது. 1895-ல் பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கூட்டுறவு வங்கிகளை ஆராய்ந்து சென்னை அரசுக்கு அறிக்கை தந்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1938-ல் ராஜாஜி அரசின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடன்களில் அசலைப்போல் இரு மடங்கு கட்டியவரின் கடன் தீர்ந்ததாகவே அறிவித்தது. ஆனாலும் 1951-52 கிராமக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்றுதான்.

இன்று தவணைக்குள் கட்டினால் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. 2006, 2016, 2021 என மூன்று முறை தள்ளுபடியும் வந்தது. கடைசி முறை மட்டும் 12,110 கோடி ரூபாய். தள்ளுபடி பழைய பாரத்தை இறக்கும், அடுத்த நடவின் பயத்தைத் தீர்க்காது.

அந்தப் பயத்துக்கு மருந்தாக 2016-ல் பிரதமரின் பயிர்க் காப்பீடு வந்தது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பங்கு ஒன்றரை சதவீதம், வாழைக்கு ஐந்து. கொள்ளிடக் கரையில் வாழை வைத்தவரைப் பாருங்கள். கட்டை நட்டு, மண் அணைத்து, தார் தள்ளியதும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துப் பத்துப் பன்னிரண்டு மாதம் செலவு செய்கிறார். கோடைமழைக்கு முன் வரும் சூறைக்காற்று கால்மணி நேரத்தில் தாரோடு மரங்களைச் சாய்த்துவிடுகிறது. முட்டும் சேர்ந்து விழுகிறது. காய் முற்றாத தாரை எந்த மண்டியும் எடுக்காது. ஆனால் காப்பீட்டில் இழப்பைக் கணக்கிடுவது அவர் கொல்லையை வைத்தல்ல, பல ஊர்கள் சேர்ந்த பிர்காவின் சராசரியை வைத்து. பக்கத்து ஊர்களில் மரம் நின்றால் சராசரியும் நிற்கும், இவருக்குப் பணம் வராது.

வாய்மொழிக் குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம். உழுவது அவர், சிட்டா வேறொருவர் பெயரில். அடங்கலில் தன் பெயர் ஏறாதவரைக்கும் சங்கக் கடனும் இல்லை, காப்பீடும் இல்லை. நகையை அடகு வைக்கிறார், இல்லையென்றால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி அவர் சொன்ன விலைக்கே தாரை வெட்டிக் கொடுக்கிறார். மலிந்த கடன் வரப்புக்கு அப்பாலேயே நின்றுவிடுகிறது.

நூற்றிருபது ஆண்டுகளாக வட்டியைக் குறைப்பதில் காட்டிய அக்கறையை அரசு இனி இழப்பைப் பகிர்வதில் காட்ட வேண்டும். வாழைக்கு இழப்பை ஊர் அளவிலாவது கணக்கிடுங்கள். சாய்ந்த தோட்டத்தை நேரில் பார்த்து எழுதுங்கள். உண்மையில் உழுகிறவர் பெயரை அடங்கலில் ஏற்றுங்கள். அடுத்த தள்ளுபடியை அறிவிப்பதற்கு முன் இவை நடக்க வேண்டும்.